செல்வியின் தம்ளர்

1-6-97, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கூலரில் தண்ணீர் இல்லை. குழாயிலும் இல்லை. நடராஜன் கீழே இருந்து இரண்டு பக்கெட் தூக்கிக்கொண்டு வந்தான். ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். வீட்டில் தண்ணீர் சுமக்கிறவன். என் மகன்.

இது போன வருஷத்து டைரி. அவன் ஆபீசில் மிச்சம் கிடந்தது. கிழமையெல்லாம் தப்பு, அடித்து எழுதிக்கொள்ள வேண்டியது. என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு இது போதும். பேத்திகள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்க வராது. மருமகள் சரசு வாரப் பத்திரிகை தவிர எதையும் தொட மாட்டாள். அதனால் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

இன்றைய சண்டை கோமதியால். சின்னப் பேத்தி. என் பேர்தான். மூத்தவளுக்குத்தான் என் பேரை வைத்திருக்க வேண்டும், அதுதான் முறை. சரசு அவள் அம்மா பேரை, சிவகாமி என்று, ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. மறக்கவில்லை.

கோமதிக்குப் பதினாறு. இரண்டு முன்கையிலும், இடது கண்ணுக்குக் கீழேயும் வெள்ளை விழுந்து மூன்று வருஷம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொன்னார்: ஒட்டாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, தோலில் நிறம் போயிருக்கிறது, அவ்வளவுதான். சரசு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும் வழியிலேயே தையற்காரனிடம் முழுக்கைச் சட்டை ஆறு தைக்கக் கொடுத்தாள். மூன்று கோடையாக, இந்த டெல்லி வெயிலில், அந்தப் பிள்ளைக்கு முழுக்கை.

இன்று காலை ஆறு சட்டையிலும் கையைக் கத்தரித்துவிட்டாள். தோளோடு. கத்தரித்த பன்னிரண்டு கையையும் பால்கனிக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள்.

சரசு: "எதிர் பிளாக்குல எல்லாரும் பால்கனியில நின்னு பாக்காவ அத்தை. நாலு பேரு பாக்கணும்னே செஞ்சிருக்கா."

கோமதி: "பாக்கட்டும். நல்ல துணி. கர்ச்சீஃப் தைக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகச் சரசு சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. மத்தியானக் காப்பி ஆறிப்போய் வந்தது.

நாலரைக்குத் தென்காசி மதினி வந்தாள். சொந்தம் இல்லை, ஊர்ப் பக்கம். டெல்லியில் எங்கள் ஆட்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவள் நோட்டு வழியாகத்தான். நீள நோட்டு. நாலு கட்டம்: பேர், நட்சத்திரம், வேலை, குறை. கடைசிக் கட்டத்தில் அவள் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தால் அந்த வீட்டுக்கு நல்ல இடம் வராது. புள்ளியை யாருக்கும் காட்ட மாட்டாள். ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

86 பொங்கலுக்கு என் இடது கையைப் பார்த்து, "வெத்தலை மடிக்க ஒரு விரல் கூடுதலா இருக்கே, மதினி" என்று பத்துப் பேர் நடுவில் சிரித்தவள். எனக்கு இடது கையில் ஆறு விரல். அவளுக்கு நாக்கு இரண்டு.

சிவகாமிக்கு மூன்று இடம் தட்டிப் போய்விட்டது. நாலாவதாக ஒரு இடம் இருக்கிறதாம். ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆந்தி வந்தது. புழுதிக் காற்று. கரண்டும் போனது. மதினி ஆட்டோ கிடைக்காது என்று பதறிக்கொண்டு ஓடினாள். நோட்டு ஃபிரிஜ் மேலேயே கிடந்தது.

ஏழு மணிக்கு போன்: "புதன்கிழமை வந்து எடுத்துக்கிடுதேன். யாரும் தொட வேண்டாம்."

3-6-97, செவ்வாய்

முட்டி வலி. தைலம் தீர்ந்தது.

சரசு மத்தியானம் கூலர் முன்னால் தூங்கிவிட்டாள். சிவகாமி ஆபீசில். கோமதி நோட்டோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். கையில் சிவப்பு பேனா.

"ஆச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"அடுத்தவ நோட்டு. தொடாத."

"நான் தொடலை. நீ வாசி."

"உங்க அம்மா முழிச்சா கொன்னுருவா."

"அம்மா அஞ்சு மணி வரை எந்திரிக்க மாட்டா. வாசி ஆச்சி, ப்ளீஸ்."

முதல் பக்கத்தில் ஆர்.கே. புரத்துக் குடும்பம் ஒன்று. பெண், ரோகிணி, பேங்க் வேலை. நாலாம் கட்டம் காலி. எனக்குப் பொறுக்கவில்லை. "இவளுக்குக் குறை இல்லையாமா? இவ அம்மைக்கு வலது காது சுத்தமாக் கேக்காது. பொண்ணு பாக்க வந்தவங்க கேட்ட எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டித்தான் கல்யாணமே முடிஞ்சது."

கோமதி ஒரு புள்ளி வைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்த?"

"நீதானே சொன்ன. அடுத்தது யாரு?"

அடுத்தது ஒரு மாப்பிள்ளை. "இவனுக்கு இருபத்தேழு வயசுல முழு வழுக்கை. போட்டோவுல எல்லாம் தொப்பி." புள்ளி. அடுத்த வீட்டில் தாத்தா தூக்கத்தில் எழுந்து நடப்பார், ஒரு தடவை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார். புள்ளி. அடுத்தவள் முப்பது வயதிலிருந்து கட்டுப்பல். புள்ளி. ஒருத்தனுக்கு ஒரு கால் குட்டை. புள்ளி. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் பதினெட்டு வருஷமாகப் பேசுவதில்லை. "அது குறையா ஆச்சி?" "பின்னே?" புள்ளி.

எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது. யாரும் என்னைக் கேட்டதே இல்லை. சொல்லச் சொல்ல வாய் இனித்தது. ஒளிப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முப்பத்து நாலு வீடு.

அட்டையின் உள்பக்கம் மதினி பேரும் விலாசமும். "இவளுக்கு?" என்றாள். மூத்த மருமகள் மூன்றாம் மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். அங்கே ஒரு பெரிய புள்ளி. பொட்டு மாதிரி.

கடைசிப் பக்கத்தில் எங்கள் வீடு. சிவகாமி, உத்திரம், பிரைவேட் கம்பெனி. நாலாம் கட்டத்தில் மதினியே வைத்த புள்ளி. பக்கத்தில் பொடி எழுத்தில்: தங்கச்சிக்கு வெள்ளை.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"கோத்திரம்."

"மத்தவங்களுக்கு இல்லையே ஆச்சி. நமக்கு மட்டும் ஏன் சிவப்பு மையில கோத்திரம்?"

அவள் அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

5-6-97, வியாழன்

புழுக்கம். மழை இல்லை. வெண்டைக்காய் முற்றல்.

நேற்று நோட்டை வாங்கிப் போன மதினி இன்று பத்து மணிக்கே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"என் நோட்டுக்கு அம்மை வாத்த மாதிரி செஞ்சு வச்சிருக்கா சரசு, உன் மக! எது நான் வச்ச புள்ளி, எது அவ வச்ச புள்ளின்னு எனக்கே தெரியலை!"

கோமதி: "தெரியலைன்னா நல்லதுதானே ஆன்ட்டி. இனிமே எல்லாரும் சேம்."

"பாத்தியா வாயை! நாப்பது வருஷ நோட்டு!"

சரசு கோமதியின் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அசையவே இல்லை. சிவப்பு பேனா யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். வாசித்துக் காட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கோமதியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சரசு மதினியின் காலைத் தொடாத குறை. மதினி கடைசியில் இறங்கி வந்தாள். நாலாவது இடம் இன்னும் போகவில்லை. பையனுக்கு குர்காவ்னில் நல்ல கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஆனால்.

"ஒரே பொண்ணுன்னுதான் நான் சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு அந்தப் பிள்ளை வீட்டுல இருக்கப்படாது. கண்ணுல பட்டா, இந்த டெல்லியில இனி உங்க படி ஏற மாட்டேன். வேற யாரும் ஏறவும் மாட்டாவ."

எல்லாரும் நடராஜனைப் பார்த்தோம். லீவு போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"சரி அத்தை" என்றான் மதினியிடம்.

சாயங்காலம் சிவகாமி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். "கோமு இருக்கட்டும்மா" என்றாள் மெதுவாக. சரசு, "அவ இருந்தா நீயும் இங்கேயே இருக்க வேண்டியதுதான்" என்றாள். சிவகாமி இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோமதியை ஐ.என்.ஏ. மார்க்கெட் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருந்து சரசுவின் சிநேகிதி வீட்டில் ஆறு மணி வரை உட்கார வைப்பது. பொறுப்பு என்னுடையது.

7-6-97, சனி

நாளைக்கு வேண்டியது: ரவை, முந்திரி, வாழைக்காய் (பஜ்ஜி), வெற்றிலை, புதுப் பாய், ஹாலில் பல்பு மாற்ற. கோமதியின் ஸ்கூல் போட்டோவைச் சுவரில் இருந்து எடுக்க. சரசு எடுத்துவிட்டாள். சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம். அதை மறைக்க மாதக் காலண்டர்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் எனக்குப் பதினாறு. அம்மா பெரிய வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்து, இடது கையை அடியில் கொடுத்துப் பிடி, எடுக்காதே என்றாள். தட்டு கனம். கை கடுத்தது. எடுக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் பரிமாறும்போது மாமியார் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் பேர் ஆறுவிரலி. பத்தொன்பது வருஷம். சிலர் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் செத்த அன்று நான் அழவில்லை. குளித்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன்.

இதையெல்லாம் நினைவு வைத்திருக்கிறவள் நாளைக்கு ஏன் போகிறேன்? முடியாது என்று சரசுவிடம் சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள்ளேதான். சத்தமாகச் சொன்னால் யார் சோற்றில் உட்கார்ந்து சொல்வது? இந்த வீட்டில் எனக்கு என்று இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி. கட்டிலுக்கு அடியில்.

கோமதி இன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

9-6-97, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். கை கத்தரித்த மஞ்சள் சட்டை அவள் மேல். சரசு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போனால் போதும் என்று இருந்தாள். மார்க்கெட்டில் எப்போதும் போகும் கடையில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அப்பளம். கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். கறிவேப்பிலை வாசனையும், பக்கத்து வரிசையில் இருந்து மீன் வாசனையும். கோமதி என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஆச்சி, ஒண்ணு கேக்கட்டா? அம்மா சொன்னதை விடு. அப்பா சொன்னதை விடு. உனக்கு, உனக்கே, நான் இன்னைக்கு ஒளிஞ்சுக்கணும்னு தோணுதா? ஆமான்னு சொல்லு, இருக்கேன்."

நான் முருங்கைக்காயை எண்ணினேன்.

"இல்லைன்னு சொல்லு, சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்."

"அக்கா கல்யாணம்டி."

"நான் கேட்டது அது இல்ல."

பிறகு பையை என் காலுக்குப் பக்கத்தில் சரியாக வைத்தாள். "நான் நடந்து போறேன். நீ ஆட்டோவுல வா. முட்டி வலிக்கும்." எழுந்து போய்விட்டாள். மஞ்சள் சட்டை கூட்டத்தில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கூப்பிட்டேன். டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருஷம், என் இந்தி காய்கறி வாங்க மட்டும்தான் ஆகும். ஆட்டோக்காரரிடம் சரோஜினி நகர் என்றேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "பையா, கர், கர்", வீடு வீடு என்று கையைக் காட்டிக் காட்டி எங்கள் பிளாக்குக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. இரண்டு மாடி. ஒவ்வொரு படியிலும் முட்டி. மேலே வாசலில் புதுச் செருப்புகள்.

ஹாலில் பையன், பையனின் அம்மா, சித்தி. இந்தப் பக்கம் மதினி. பாயில் சிவகாமி, தலை குனிந்து. நடுவில் கோமதி, தட்டில் தண்ணீர் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு தம்ளரை வைத்தாள். கை முழுக்க வெளிச்சத்தில்.

பையனின் அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். "இது யாரு?"

மதினி வாயைத் திறந்து மூடினாள். நடராஜன் ஃபேனைப் பார்த்தான். சரசு கேசரித் தட்டோடு அடுக்களை வாசலில். கோமதி எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்ல வரவில்லை என்று இப்போது தெரிகிறது. எங்களில் யாராவது சொல்வார்களா என்று பார்க்க வந்திருக்கிறாள்.

அந்த அம்மாள் திரும்பி, வாசலில் பையோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். மரியாதையாக எழுந்தாள். "வாங்க ஆச்சி. இந்தப் பிள்ளை யாரு? உங்க சாடையா இருக்கே."

இடது கையைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதை நன்றாகக் கவனித்தேன். பிறகு சொன்னேன்.

"வேலைக்கு வர்ற பிள்ளை. செல்வி மக."

செல்வி எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மதராசி கேம்ப் குடிசைகளில் இருந்து வருகிறாள். எட்டு வருஷமாக.

சித்தி: "எந்தச் செல்வி? கேம்ப் செல்வியா? நேதாஜி நகர்ல எங்க வீட்டுக்கும் அவதானே வாரா! சொல்லவே இல்லையே, மகளுக்கு இப்படி இருக்குன்னு."

பையனின் அம்மா தம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். "பாவம். முகம் நல்லா இருக்கு."

கோமதி குனிந்து அந்தத் தம்ளரை எடுத்தாள். துணியால் மேஜையைத் துடைத்தாள். என் பக்கம் வந்து நின்றாள்.

"வேற ஏதாவது வேணுங்களா, பெரியம்மா?"

செல்வி என்னைக் கூப்பிடுவது பெரியம்மா என்று. அதே குரல், அதே இழுப்பு. என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம். போ" என்றேன்.

அந்தப் போ-வும் நான் சொன்னதுதான். எழுதி வைக்கிறேன்.

இடம் முடிந்துவிட்டது. அவர்களுக்குச் சிவகாமியைப் பிடித்துவிட்டது. ஆனியில் தட்டு மாற்றுவது, ஆவணியில் கல்யாணம். சரசு என் காலைத் தொட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை. "நல்ல வேளை அத்தை, நீங்க இருந்தீங்க."

10-6-97, செவ்வாய்

வெயில். கரண்ட் மூன்று தடவை போனது.

செல்வி காலையில் வருவதற்கு முன்பே பாத்திரமெல்லாம் தேய்த்து அடுக்கியாகிவிட்டது. கோமதி. சரசு கத்தினாள். அவள்: "வேலைக்கு வர்ற பொண்ணு வேற என்ன செய்யும்?"

பால்கனிக் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் செல்விக்கு என்று ஒரு தம்ளர். எவர்சில்வர், ஒரு பக்கம் நசுங்கியது. அவள் டீ குடித்துவிட்டு அவளே கழுவி அங்கேயே கவிழ்த்து வைப்பாள். எட்டு வருஷமாக அது அங்கேதான். நான் வைத்த இடம்தான். கோமதி இன்று அதில்தான் காப்பி குடித்தாள். பால்கனித் தரையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

"உள்ள வா கோமதி."

"இருக்கட்டும், நீங்க போங்க பெரியம்மா."

என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள் பிறந்ததில் இருந்து. இப்போது நீங்க.

சிவகாமி ஆபீசுக்குப் போகும் முன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புதுச் சேலை அழுக்காகும் என்று சரசு சொன்னதைக் கேட்கவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் காதில் விழுந்தது. கோமதி சொன்னது: "உன் மேல இல்லக்கா."

12-6-97, வியாழன்

செல்வி வந்தாள். உள்ளே வரவில்லை. நடையில் நின்றாள்.

"பெரியம்மா, எம் பொண்ணுக்கு உடம்புல ஒரு மச்சங்கூடக் கெடையாது. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். போன தீபாவளிக்கு அந்தப் பிள்ளைக்குப் பாவாடைத் துணி கொடுத்தது நான்தான்.

"நேதாஜி நகர் அம்மா நேத்து கூப்ட்டு, உம் பொண்ணுக்கு அப்படி இருக்குன்னு ஏன் மறைச்ச, நாளையிலேர்ந்து வராதன்னுட்டாங்க. பக்கத்து ரெண்டு வீட்லயும் சொல்லிட்டாங்க. கேம்புல வேற பேச்சு வந்துடுச்சு. அதுக்குப் பதினேழு வயசு பெரியம்மா. மாமன் வீட்ல தை மாசம் கேக்கறதா இருந்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? அது எம் பொண்ணு இல்ல, அவங்க பேத்தின்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. வாய் வரைக்கும் வந்துச்சு. சிவகாமிப் பாப்பா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

நல்ல வார்த்தை ஒன்று சொல்ல நினைத்தேன். எது சொன்னாலும் அது அவளை இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு என்று கேட்கிற மாதிரிதான் வரும்.

"நீங்களாச்சும் போய் சொல்வீங்களா, பெரியம்மா?"

சொல்கிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கே ஏற்கெனவே தேய்த்திருந்தது. கோமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். செல்வியின் பக்கத்தில் போய் நின்றாள்.

13-6-97, வெள்ளி

நடராஜனிடம் சொன்னேன். காலையில், அவன் ஷேவிங் செய்யும்போது. அப்போதுதான் ஓடிப்போக மாட்டான்.

"அந்த வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிருவோம்யா. செல்வி பிள்ளை பாவம் நம்மளைச் சேருது."

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே: "சொன்னா சிவகாமிக்கு?"

"நல்லவங்களா இருந்தா ஒத்துக்கிடுவாங்க."

"நல்லவங்களா இருந்தா தண்ணியைத் தள்ளி வச்சிருக்க மாட்டாங்கம்மா."

அது உண்மை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பெண்ணைக் கொடுக்கிறான். தாடையில் சோப்பு நுரை அப்படியே காய்ந்து போயிருந்தது.

சரசு அடுக்களையில் இருந்து: "கோமதியை மணி சித்தப்பா வீட்டுக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம். லெவன்த் அங்கேயே சேத்துக்கலாம். கல்யாணம் முடியட்டும்."

முடிந்த பிறகு? சிவகாமி பிள்ளை பெற வீட்டுக்கு வரும்போது? அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது? கேட்கவில்லை. அவர்களும் யோசித்திருப்பார்கள், யோசித்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள்.

போன் டைரியில் அந்த வீட்டு நம்பரைத் தேடினேன். சரசு கையெழுத்தில் இருந்தது. ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டேன். மத்தியானம் மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

முருங்கைக்காய் வாடிப்போனது. யாரும் சாம்பார் வைக்கவில்லை.

14-6-97, சனி

கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்க நடராஜன் ஆள் பேரெல்லாம் குறித்தான். என்னை வாசித்துச் சரிபார்க்கச் சொன்னான், வீட்டில் தமிழ் நன்றாக எழுதுகிறவள் நான்தான் என்பது அவன் எண்ணம். தாத்தா பேர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. இப்படிக்கு கோமதி அம்மாள் என்று என் பேரும் இருக்கிறது. கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் என்று கூடப்பிறந்தவர்கள் பேர் போடுகிற இடத்தில், காலி.

கோமதி எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாது. ஆனால் அவள் பேரின் வடிவம் மட்டும் தெரியும், சின்ன வயதில் நான் சிலேட்டில் போட்டுக் காட்டியது. விரலை வைத்தாள்.

"இது நான்தானே?"

"இல்ல. நான்."

"அச்சா" என்றாள். போய்விட்டாள்.

எந்தெந்த வீட்டில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஐம்பது வருஷத்துக்கு எனக்கு நினைவு இருக்கிறது. மாமியார் 46-இல். கொழுந்தன் பெண்டாட்டி 58-இல். மதினி 86-இல். கோமதியும் அப்படித்தான். என் பேர், என் சாடை, என் ஞாபகம். இன்னும் அறுபது வருஷம் இருப்பாள்.

15-6-97, ஞாயிறு

விடியற்காலை நாலு தூறல். மண் வாசனை வந்தது, உடனே போய்விட்டது.

டிக்கெட் வந்துவிட்டது. வியாழக்கிழமை வண்டி. கோமதி பெட்டியில் துணி அடுக்கினாள். ஆறும் கையில்லாத சட்டை. சரசு முழுக்கையில் இரண்டு புதிதாக வாங்கி மேலே வைத்தாள். கோமதி எடுத்து வெளியே வைத்தாள். சரசு வைத்தாள். அவள் எடுத்தாள். இப்படியே நாலு தடவை. கடைசியில் சரசு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு மட்டும் ஆசையாட்டி?" கோமதி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செல்வி இன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருகிறவள்தான். சொல்லியும் அனுப்பவில்லை.

எனக்குக் காப்பி கொண்டுவந்தாள் கோமதி. என் வெண்கலத் தம்ளரில், டவராவோடு. "காப்பி, பெரியம்மா." வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். ஜன்னலில் செல்வியின் தம்ளர் கவிழ்ந்திருந்தது. எடுத்தேன். என் காப்பியை அதில் ஊற்றினேன். அவள் பார்க்கட்டும் என்றுதான். அவள் பக்கத்தில், தரையில் உட்காரலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முட்டி மடங்கவில்லை. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

கோமதி எழுந்தாள். கோபமாக இல்லை. செல்வி பேசுகிற மாதிரி மெதுவாகத்தான்.

"இது எங்க தம்ளர், பெரியம்மா. நீங்க இதுல குடிக்கக் கூடாது."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டேன்.